ஐந்தாம் சக்கரத்தின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளில் கோடைகாலத்தில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகிப்போயிருக்கும். பின்புறம் திறந்த தொட்டியுடைய பிக்கப் லாரி ஒன்று, 40 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் 13 அடி உயரமும் கொண்ட ஒரு முழு வீட்டை, சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் உட்பட, தன் பின்னால் இழுத்துக்கொண்டு மலையேறும். அந்த வீட்டின் முன்பாகம் லாரியின் பின்னாலேயே நின்றுவிடாமல், தொட்டியின் மேலாகக் கவிந்து வந்து, லாரியின் பின்னச்சுக்கு நேர் மேலே பொருத்தப்பட்ட ஓர் இரும்புத் தட்டின்மீது அமர்ந்திருக்கும். தட்டின் நடுவிலுள்ள வாயில் வீட்டிலிருந்து இறங்கும் ஓர் எஃகு முளை பூட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாம் சக்கரம் என்று அந்நாட்டார் சொல்வது இந்தத் தட்டைத்தான். தட்டின் பெயரே நாளடைவில் அதன்மேல் ஏறிவரும் வீட்டுக்கும் பெயராகிவிட்டது.

இத்தகைய வீடொன்றை வாங்க எண்ணுகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, எந்த லாரி எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்பதே. விளம்பரங்களும் அந்தக் கேள்விக்கே பெரிய எழுத்தில் விடை சொல்கின்றன. ஆனால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்தத் தட்டின் சரித்திரத்தைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கிறவருக்கு, இதை ஆக்கியவர்களும் திருத்தியவர்களும் இரவு பகலாக ஆராய்ந்தது வேறொரு விஷயம் என்பது தெரியவரும். சுமையில் எவ்வளவு பங்கு முன்வண்டியின்மேல் உட்காருகிறது, அது எந்த அச்சில், எந்த இடத்தில் உட்காருகிறது என்பதே அவர்களுடைய கவலையாக இருந்தது. அந்தக் கவலையை அறியாமல் லாரியைத் தேர்ந்தெடுப்பவர், ஆயிரக்கணக்கான டாலர் செலவிட்ட பிறகும் தவறான வண்டியோடு நிற்க நேரிடும் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

இரண்டு சக்கர வண்டிக்குத் திரும்புவதில் சிரமமே இல்லை. மாடு திரும்பினால் ஏர்க்கால் திரும்பும், ஏர்க்கால் திரும்பினால் வண்டி திரும்பும். நான்கு சக்கரங்கள் வந்தவுடன் விஷயம் மாறிவிடுகிறது. இரண்டு அச்சுகளும் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தால் வண்டி நேராகத்தான் ஓடும். நம் கோயில் தேர்கள் அத்தகையவை. மாட வீதியின் மூலையில் தேரைத் திருப்புவதற்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் படும் பாட்டையும் அவர்களுடைய அபாரமான கைத்திறனையும் நேரில் கண்டவர்களுக்கு, அசையாத அச்சின் கஷ்டம் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய வண்டித் தச்சர்கள் இதற்குக் கண்ட வழி, முன்னச்சை ஒரு நடுமுளையில் கோத்துச் சுழல விடுவது. ஆனால் முன்பாகத்தின் பாரம் முழுவதையும் அந்த ஒற்றை முளையே தாங்கிக்கொண்டு சுழல வேண்டியிருந்தால், வளைவில் வண்டி ஒருபுறம் சாயும். முளை வளையும், சில சமயம் முறியும். ஆகவே அச்சின்மேல் ஓர் இரும்பு வளையத்தைக் கிடையாகப் படுக்கவைத்து, சட்டத்தின் அடியில் அதற்கு இணையான இன்னொரு வளையத்தைப் பொருத்தி, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் திரும்பும்படி செய்தார்கள். தரையில் ஓடும் நான்கோடு படுத்துக் கிடக்கும் இதையும் சேர்த்து எண்ணியதால் ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க வண்டிப் பட்டறைகளில் நிலைபெற்றது. வண்டியை இழுத்துச் செல்வது முளையின் வேலை. பாரத்தைத் தாங்குவது வளையத்தின் வேலை. இழுப்பதும் தாங்குவதும் தனித்தனிக் காரியங்கள் என்ற இந்தப் பகுப்பு, பிற்காலத்து வளர்ச்சி அனைத்துக்கும் அஸ்திவாரம்.

மோட்டார் வந்த பிறகு இந்த யுக்தியை முதலில் தேடியவர்களில் ஒருவர் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் அலெக்ஸாண்டர் விண்டன். ஸ்காத்லாந்தில் பிறந்து, சைக்கிள் செய்து பிழைத்து, 1897-இல் மோட்டார் கம்பெனி ஆரம்பித்த இவர், 1898-இல் கார்களை விற்கத் தொடங்கியதும் ஒரு தர்மசங்கடத்தில் அகப்பட்டுக்கொண்டார். தூரத்து ஊரில் வாங்கியவரிடம் புதுக் காரை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தால், சேருவதற்குள் அது பழைய காராகிவிடும். அதற்காக அவர், ஒரு காரின் பின்பாகத்தைக் குறைத்து, இரண்டு சக்கர மேடையொன்றின் முன்நுனியை அதன்மேல் ஏற்றிவைத்து, மேடையில் புதுக் காரைக் கட்டி அனுப்பினார் என்பது வழங்கிவரும் வரலாறு. முன்பக்கத்துக்குத் தனிச் சக்கரம் இல்லாமல், இழுக்கும் வண்டியின்மேலேயே தலைசாய்த்து வரும் டிரெய்லரின் கருத்து அங்கே உருப்பெற்றுவிட்டது.

ஆயினும் அந்தத் தலையை எங்கே, எப்படி அமர்த்துவது என்ற கேள்வியை முழு சிரத்தையோடு எடுத்துக்கொண்டவர் சார்லஸ் மார்ட்டின் என்ற எஞ்சினியர். மாசசூஸெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் நாக்ஸ் என்ற மோட்டார் கம்பெனியில் அவர் பணிபுரிந்த காலத்தில், அமெரிக்க நகரங்களின் தீயணைப்புப் படைகள் ஒரு பெரும் மாறுதலின் வாயிலில் நின்றன. ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய நீராவிப் பம்புகளும் நெடிய ஏணிகளும் நல்ல நிலையில் இருந்தன; அவற்றை இழுத்த குதிரைகளைத்தான் ஓய்வுபெறச் செய்ய வேண்டியிருந்தது. நாக்ஸ் கம்பெனி 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்ட்டினின் அமைப்பில் வெளியிட்ட மூன்று சக்கர டிராக்டர் இந்தத் தேவைக்கு அதிசயமாகப் பொருந்தியது. குதிரைகளையும் முன்னச்சையும் கழற்றிவிட்டு, பம்பின் முன்பாகத்தை அப்படியே தூக்கி டிராக்டரின்மேல் வைத்துவிட்டால் போதும். முன்னால் ஒற்றைச் சக்கரமே இருந்ததால், அது குறுகலான தெருவிலும் நின்ற இடத்திலேயே திரும்புவது போலத் திரும்பியது.

இதில் விசேஷமானது, பாரத்தை மார்ட்டின் வைத்த இடம். டன் கணக்கான எடையை டிராக்டரின் சட்டத்தின்மேல் சுமத்தினால், சட்டமும் எஞ்சினும் அதைத் தாங்கும் பொருட்டுக் கனமாக வேண்டும். கனமானால் டிராக்டர் என்ற கருத்துக்கே அர்த்தமில்லாமல் போகும். ஆகவே அவர் டிரெய்லரின் சுமைக்கென்று தனியாக வில்பட்டைகளை அமைத்து, அவற்றை நேரடியாகப் பின்னச்சின்மேல் நிறுத்தினார். டிராக்டரின் சொந்தச் சட்டத்துக்கு வேறு பட்டைகள். சுமை தட்டின் வழியாக அச்சுக்கும், அச்சின் வழியாகத் தரைக்கும் இறங்கிவிடும். எஞ்சின் இருக்கும் சட்டமோ அந்தப் பாரத்தை அறியாது. அதன் பிறகு 1915-இல் அவர் கொண்டுவந்த ஆடும் ஐந்தாம் சக்கரம், குறுக்கே கிடக்கும் ஓர் அச்சின்மேல் முன்னும் பின்னும் அசையக்கூடியது. டிராக்டர் மேடேறும்போது டிரெய்லர் பள்ளத்தில் இருந்தாலும், இரண்டுக்கும் நடுவே சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் தட்டு சாய்ந்து கொடுக்கும். இன்று உலகத்துத் துறைமுகங்களில் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு டிரெய்லர் லாரியிலும் இந்த ஆட்டத்தைப் பிரத்தியட்சமாகக் காணலாம். மார்ட்டினின் பெயர் இன்று அதிகம் பேருக்குத் தெரியாதது வருத்தத்துக்குரியது.

பெயர் தெரிந்தவர் ஆகஸ்டு புரூஹாஃப். டெட்ராயிட்டில் கொல்லுப்பட்டறை வைத்துக் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த அவரிடம், பிரடெரிக் ஸிப்ளி என்ற மர வியாபாரி 1914-இல் ஒரு கோரிக்கையோடு வந்தார். தம்முடைய 18 அடிப் படகை வடக்கு மிச்சிகனிலுள்ள ஏரி மாளிகைக்குத் தம் போர்டு காரிலேயே கொண்டுபோக வேண்டும் என்பது அவர் விருப்பம். புரூஹாஃபும் அவருடைய கூட்டாளியும் காரின் சட்டத்தோடு இணையும்படி இரண்டு சக்கர வண்டியொன்றைச் செய்து கொடுத்தார்கள். அது நன்றாக ஓடவே, ஸிப்ளி தம் மரக்கிடங்குக்கும் அத்தகைய வண்டிகளை வரவழைத்தார்; பட்டறை 1918-இல் கம்பெனியாயிற்று. குதிரை தான் சுமக்கக் கூடியதைவிட அதிகம் இழுக்கும், லாரியும் அப்படியே என்ற கருத்தை அந்தக் கம்பெனி தன் விளம்பர வாசகமாக்கிக்கொண்டது. கேட்பதற்கு எளிமையும் கவர்ச்சியும் நிறைந்த வாசகம் அது. லாரி வியாபாரத்தையே அது மாற்றியமைத்தது என்று சொல்லலாம். ஆனாலும் அதில் ஒரு பாதியே உண்மை. முழு டிரெய்லர் தன் நான்கு சக்கரங்களில் தானே நின்றுகொள்ளும். அதை இழுத்தால் மட்டும் போதும். புரூஹாஃப் செய்தது அரை டிரெய்லர். அதன் பாரத்தில் ஒரு பங்கை முன்வண்டி சுமந்தே தீர வேண்டும். மார்ட்டின் தம் பட்டைகளின் அமைப்பில் கண்டுகொண்ட அந்த மறுபாதி, விளம்பரத்தில் விட்டுப்போயிற்று. இன்று வரை விட்டுப்போயிருக்கிறது.

இதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் தட்டு இன்றைய உருவத்தை அடைந்தது. பின்புறம் ஆங்கில வி எழுத்துப் போலப் பிளந்த வாய். டிராக்டர் பின்னோக்கி வரும்போது முளை அந்த வாயின் வழியே நழுவி நடுவில் வந்து நிற்க, எஃகுத் தாடைகள் தாமே மூடிப் பூட்டிக்கொள்ளும். முளையின் விட்டம் 2 அங்குலம் என்பது பொது அளவாயிற்று. அதனால் யாருடைய டிரெய்லரையும் யாருடைய டிராக்டரும் ஏற்றுக்கொள்ள முடிந்தது. இந்தத் தட்டுகளைச் செய்து பெயர்பெற்ற, மிச்சிகன் மாநிலத்து ஹாலண்டு நகரத்து நிறுவனமொன்று, ஆதியில் செய்தது உழவுக் குதிரைகளுக்கான ஒரு கொளுவி. கலப்பை மரவேரில் சிக்கிக்கொண்டால் குதிரைக்குக் காயமில்லாமல் அது தானே கழன்றுவிடும். கழல வேண்டிய நேரத்தில் கழலுவதைச் செய்தவர்கள், கழலவே கூடாததையும் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

சரக்கு லாரியின் தட்டு பிரயாணிகளின் வீட்டுக்கு வந்த கதை, இவையெல்லாவற்றிலும் எனக்கு மிகவும் உவப்பானது. அதன் நாயகர் கிளென் கர்ட்டிஸ். நியூயார்க் மாநிலத்து ஹாமண்ட்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் 1878-இல் பிறந்து, சைக்கிள் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும் அதிலிருந்து விமானத்துக்கும் சென்ற இவர், 1907-இல் புளோரிடாவின் கடற்கரையில் எட்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 136 மைல் வேகத்தில் பறந்தவர். அடுத்த ஆண்டே, முன்னறிவித்த இடத்தில் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விமானத்தைச் செலுத்திப் பரிசு பெற்றவர். முதல் உலக யுத்தத்துக்குப் பின் விமானத் தொழிலிலிருந்து விலகிப் புளோரிடாவில் குடியேறி நகரங்களை நிர்மாணித்த அவருக்கு, வேட்டைக்கும் காட்டு வாசத்துக்கும் ஏற்ற ஒரு நடமாடும் வீடு வேண்டும் என்ற ஆசை இருந்தது. முதலில் செய்த சிறு டிரெய்லர்களை தாய் ஒன்றும் தந்தை வேறுமான அவருடைய சகோதரர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆசையின் முழு வடிவம் 1928-இல் தோன்றிய ஏரோகார்.

ஏரோகாரின் உடல் விமானத்தின் உடலைப் போலவே அமைந்தது: மெல்லிய மரச் சட்டங்கள், அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், தளர்ந்தால் முறுக்கி இறுக்கத் திருகுகள். கனமில்லாமல் உறுதி என்பது விமானம் கட்டியவருக்கு இயல்பாக வந்த தத்துவம். உள்ளே இருப்பவர்கள் ஓட்டுநரோடு பேசுவதற்குத் தொலைபேசியும் இருந்தது. ஆனால் அவருடைய மேதை முழுமையாக வெளிப்பட்டது இணைப்பில்தான். காரின் பின்பாகத்தில் ஒரு விமானச் சக்கரத்தைக் காற்றடைத்த டயரோடு கிடையாகப் படுக்கவைத்து, அதன் குடத்தில் டிரெய்லரின் முளையை இறக்கினார். சாலையின் அதிர்ச்சி டயரின் காற்றில் கரைந்துபோயிற்று. பிரேக் போடும்போது பின்னாலிருந்து வரும் உந்தலையும் புறப்படும்போது எழும் வெட்டி இழுப்பையும் அந்த ரப்பரே வாங்கிக்கொண்டது. பழைய வண்டித் தச்சர்கள் படுக்கவைத்தது இரும்பு வளையம். கர்ட்டிஸ் படுக்கவைத்தது மெய்யாகவே ஒரு சக்கரம். இன்று பெருவிலை கொடுத்து வாங்கப்படும் காற்றுப்பை பொருத்திய, வீட்டின் முளையைத் தாங்கும் பெட்டிகளைக் காணும்போது, அவர் செய்ததைத்தான் வேறு பொருளில் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது. செல்வந்தர்களின் உல்லாச வாகனமாகவும் சில இடங்களில் பிரயாணிகளின் பஸ்ஸாகவும் ஏரோகார் ஓடியது. ஆனால் கர்ட்டிஸ் 1930-இல் தம் 52-ஆம் வயதில் காலமானார், நாட்டைப் பொருளாதார மந்தமும் சூழ்ந்தது. மலிவான, காரின் பின்கொக்கியில் மாட்டி இழுக்கும் சிறு டிரெய்லர்களே அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஜனங்களின் வாகனமாயின.

அந்தக் கொக்கி டிரெய்லர்களுக்குப் பிறவியிலேயே ஒரு தோஷம் உண்டு. கொக்கி இருப்பது பின்னச்சுக்கும் நாலைந்து அடி பின்னால். டிரெய்லரின் பக்கத்தில் காற்று அடித்தாலும், பெரிய லாரியொன்று கடந்துபோனாலும், அதன் மூக்கு ஒருபுறம் ஒதுங்கும். ஒதுங்கும்போது, அந்த நாலைந்து அடி நீளம் நெம்புகோலாகிக் காரின் பின்பாகத்தையும் தள்ளும். ஓட்டுகிறவர் திருத்த முயன்றால் அது மறுபுறம் போகும். வேகம் கூடினால் ஆட்டமும் கூடி, வண்டி கைமீறும். கொக்கியின்மேல் டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்க வேண்டும் என்ற விதியும், பாரத்தை முன்னச்சுக்குப் பகிர்ந்தனுப்பும் எஃகுக் கம்பிகளும் இந்தத் தோஷத்துக்குச் செய்த பரிகாரங்கள். ஐந்தாம் சக்கரத்தில் முளை அச்சுக்கு நேர் மேலே இருப்பதால் நெம்புகோலே இல்லை; ஆட்டத்தின் வேர் அறுந்துவிடுகிறது. கூடவே, டிரெய்லரின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு முளையின்மேல் இறங்குகிறது. ஸ்திரத்தன்மைக்குக் கொடுக்கும் விலை இந்தப் பாரந்தான்.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக மாநிலங்களை இணைக்கும் அகன்ற சாலைகள் எழுந்தபோது, குடியானவரின் வேலை வண்டியாக இருந்த பிக்கப் லாரி குடும்ப வாகனமாகவும் மாறத் தொடங்கியது. அதன் திறந்த தொட்டி, கர்ட்டிஸுக்குக் கிடைக்காத ஒரு வசதி. பின்னச்சுக்கு நேர் மேலே தட்டை வைப்பதற்கென்றே செய்து வைத்த இடம் அது. 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் தொட்டிமேல் கவியும் வீடுகள் பெருகின. பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள் கொண்ட ஒரு டன் பிக்கப்பை ஷெவர்லே 1973-இல் தொழிற்சாலையிலிருந்தே வெளியிட்டது. அந்த இரட்டைச் சக்கரம், பாரத்தைத் தாங்கும் கடமைக்கு வியாபாரிகள் அளித்த முதல் மரியாதை.

இந்த வீடுகளில் பெரும்பகுதி உருவாவது இண்டியானா மாநிலத்தின் வடக்கே எல்க்கார்ட்டையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த தொழிற்சாலைகளில். அங்கே வேலை செய்யும் கைவினைஞர்களில் ஆமிஷ் சமயத்தார் பலர் உண்டு. சமய நெறிப்படி மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ளாத அந்தக் குடும்பங்களின் நான்கு சக்கரக் குதிரை வண்டியில், முன்னச்சின்மேல் பழைய இரும்பு வளையம் இன்றும் சுழல்கிறது. ஒரே பெயருடைய இரண்டு சாதனங்களும், அவற்றுக்கிடையே கழிந்த நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலமும் ஒரே ஊரின் சாலையில் சந்தித்துக்கொள்வதைக் காண விரும்புகிற சரித்திர மாணவர் அங்கேதான் போக வேண்டும்.

எஞ்சின்களின் கதையை நான் சுருக்கமாகவே சொல்வேன். ஏனெனில் அதை விளம்பரங்கள் விரிவாகச் சொல்லிவிட்டன. 1989-ஆம் ஆண்டு மாடலில் டாட்ஜ் கம்பெனி, வயல் யந்திரங்களில் உழைத்துப் பழகிய 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீஸலைத் தன் பிக்கப்பில் வைத்தது: 160 குதிரை சக்தி, 400 அடி-ராத்தல் முறுக்கு விசை. 2001-இல் ஜெனரல் மோட்டார்ஸ், இசுஸுவோடு சேர்ந்து செய்த டூராமாக்ஸ் எஞ்சினையும் ஆலிஸன் கியர்பெட்டியையும் கொண்டுவந்தது. 2019-இல் ராம் லாரி 1,000 அடி-ராத்தலை எட்டியது. 2023-இல் போர்டு 1,200-ஐ எட்டியது. இழுக்கும் எல்லை 40,000 ராத்தல் என்று அறிவித்தார்கள். இவற்றினும் பயனுள்ளதென்று நான் மதிப்பது, இதே காலத்தில் டீஸல் பிக்கப்களுக்கு வந்த எக்ஸாஸ்ட் பிரேக். இறக்கத்தில் புகைவழியை நெரித்து, எஞ்சினையே தடையாக்கும் அந்த ஏற்பாடு, சக்கர பிரேக்குகள் காய்ந்து பிடிப்பிழக்காமல் காக்கிறது. மலையேற முடியாத வண்டி ஓரமாக நின்றுவிடும். இறங்கும்போது நிற்க முடியாத வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இழுக்கும் எல்லை என்பதை முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போல் நிர்ணயித்து வந்தது. இந்தக் குழப்பத்தை ஒழிக்க மோட்டார் எஞ்சினியர் சங்கம் 2008-இல் ஜே 2807 என்ற பொது விதியை வெளியிட்டது. அதன் முக்கியமான பரீட்சை, அரிஸோனாவில் டேவிஸ் அணைக்கட்டுக்கு அருகிலிருந்து பாலைவன மலையில் ஏறும் 11.4 மைல் சாலை. வெளியில் 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில், குளிர்சாதனம் முழுவீச்சில், பின்னால் முழுப் பாரம்; இந்த நிலையில் சாதாரணப் பின்சக்கர லாரி மணிக்கு 40 மைலுக்கும், இரட்டைச் சக்கர லாரி 35 மைலுக்கும் கீழே தளரக் கூடாது. டொயோட்டா 2011 மாடலில் முதலில் ஏற்றுக்கொண்டது. மற்றப் பெரிய கம்பெனிகள் அந்தப் பத்தாண்டின் நடுவில்தான் வந்து சேர்ந்தன. மெச்சத்தக்க விதி இது. ஆனால் வாங்குகிற குடும்பத்தின் ஆட்களும் மூட்டைகளும் எவ்வளவு எடை, அவர்களுடைய வீட்டின் முளைப் பாரம் எவ்வளவு என்பதை எந்தப் பரீட்சையும் அறிந்திருக்க முடியாது.

அதை வாங்குகிறவரே கணக்கிட வேண்டும். பெரிய வீடொன்று, பயணத்துக்கான சாமான்களோடு 16,000 ராத்தல் என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வெற்று எடையை நம்பக் கூடாது. நன்னீர்த் தொட்டியில் 60 காலன் நீர் நிரப்பினாலே 500 ராத்தல் ஏறிவிடும். ஐந்தில் ஒரு பங்கு 3,200 ராத்தல் முளையின்மேல். தட்டும் அதன் தாங்கிகளும் 200. ஓட்டுநர், மனைவி மக்கள், கருவிப்பெட்டி ஆகியவை 600. ஆக 4,000 ராத்தலை லாரி தன் முதுகில் சுமக்க வேண்டும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால், அரை டன் என்று வழங்கும் சிறிய பிக்கப்களில் 1,500 முதல் 2,000 வரையே எழுதியிருக்கும். முக்கால் டன் டீஸல் லாரியில், மொத்த எடை 10,000 ராத்தலுக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பும் டீஸல் எஞ்சினின் சொந்தக் கனமும் சேர்ந்து, பெரும்பாலும் 2,500-க்கு மேல் மிஞ்சாது. இழுக்கும் எல்லையில் அதே லாரி 16,000-ஐ அநாயாசமாகத் தாண்டி நிற்கும். ஒற்றைச் சக்கர ஒரு டன் லாரி 4,000-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். 5,000-க்கு மேல் தாராளமாகத் தாங்குவது இரட்டைச் சக்கர லாரியே. அகலமான பின்பாகத்தை ஊருக்குள் ஓட்டுவதில் சங்கடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் 16,000 ராத்தல் வீட்டுக்கு அதைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சில மாநிலங்களில் சட்டமும் குறுக்கிடும்: கலிபோர்னியாவில் 15,000 ராத்தலுக்கு மேற்பட்ட இத்தகைய வீட்டை இழுக்கத் தனி வகுப்பு லைசென்ஸ் பெற வேண்டும்.

தட்டைத் தேர்ந்தெடுப்பதில் லாரித் தொட்டியின் நீளமே பிரதானம். 8 அடித் தொட்டியில் தட்டைப் பின்னச்சுக்கு நேர் மேலோ ஓரிரு அங்குலம் முன்னாலோ அசையாமல் பொருத்திவிடலாம். பின்னால் மட்டும் வைக்கக் கூடாது, வைத்தால் பழைய நெம்புகோல் திரும்பிவந்துவிடும். நான்கு கதவுடைய லாரிகள் வழக்கமானபின் தொட்டி ஆறரை அடிக்கும் ஐந்தரை அடிக்கும் சுருங்கியது. எட்டரை அடி அகலமுள்ள வீட்டைச் செங்கோணத்தில் திருப்பினால், அதன் முன்மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியில் மோதும். இதற்காக வந்தது நகரும் தட்டு. சிலவற்றில் ஓட்டுநர் இறங்கிப் பூட்டை விடுவித்துப் பின்னால் நகர்த்த வேண்டும். சிலவற்றில் வீடு திரும்பத் திரும்பத் தட்டு தானே பின்னால் நகர்ந்து, நேரானதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். தானே நகர்வதற்கு விலையும் கனமும் அதிகம். இருந்தாலும் குறுகிய தொட்டிக்காரர் அதையே வாங்குவது உத்தமம், ஏனெனில் இருட்டில் அவசரமாகத் திரும்பும்போது இறங்கிப் பூட்டு திறக்க யாருக்கும் நினைவு வராது. தட்டின் தலை முன்பின்னாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் ஆடுவதாக இருப்பது, மேடுபள்ளமான முகாம் நிலங்களில் பூட்டுவதற்குப் பெரிய உதவி. மார்ட்டினின் ஆடும் தட்டுக்கு இது ஒரு திசை கூட்டிய விரிவு.

தட்டைத் தொட்டியில் பிணைக்கும் முறையும் மாறிவந்திருக்கிறது. முன்னெல்லாம் தொட்டியின் தரையைத் துளைத்துத் தண்டவாளங்களைச் சட்டத்தோடு முடுக்குவார்கள். போர்டு 2011-இல் தொழிற்சாலையிலேயே சட்டத்தில் தாங்கிகளை அமைத்து, தொட்டித் தரையில் குழிகளை மட்டும் விட்டுக் கொடுத்தது. தட்டின் கால்களை அவற்றில் செருகிக் கால் திருப்பு திருப்பினால் பூட்டிக்கொள்ளும். புது லாரி வாங்குகிறவர் இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் துளைப்பதைவிட உறுதியானது, வேண்டாதபோது தொட்டியைச் சரக்குக்கு விட்டுவிடலாம். எந்த முறையானாலும், வீட்டின் அடிப்பாகத்துக்கும் தொட்டியின் பக்கச் சுவருக்கும் நடுவே 6 அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையேல் ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது இரும்போடு இரும்பு மோதும். அந்த இடைவெளிக்காகத் தட்டை மிகையாக உயர்த்தினாலும் தொல்லை. வீட்டின் மூக்கு தூக்கிக்கொண்டு, அதன் பின்புறத்து அச்சில் பாரம் கூடி டயர்கள் காயும்.

பூட்டிய பிறகு, முளை தட்டின்மேல் தொற்றி நிற்காமல் தாடைகளுக்குள் இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வீட்டின் கால்கள் தரையில் இருக்கும்போதே, அதன் பிரேக்குகளைப் போட்டுக்கொண்டு லாரியை முன்னால் ஒரு வெட்டு வெட்டிப் பார்க்க வேண்டும். முதல் பிரயாணத்தில் நெடுஞ்சாலையோரத்து லாரி நிலையம் ஒன்றில் நிறுத்தி, சாமான்களோடும் குடும்பத்தோடும் எடைபோடுவதும் அவசியம். அயோவா மாநிலத்தில் 1977-இல் தொடங்கிய கேட் நிறுவனத்தின் எடைமேடைகள் இன்று நாடெங்கும் உள்ளன; அவற்றில் லாரியின் முன்னச்சும் பின்னச்சும் டிரெய்லரின் அச்சுகளும் தனித்தனித் தட்டில் நின்று, மூன்று எடைகளும் ஒரே சீட்டில் வரும். வீட்டைக் கழற்றிவிட்டு லாரியை மட்டும் மறுபடி நிறுத்தி எடுத்த சீட்டோடு ஒப்பிட்டால், லாரியின் மொத்தத்தில் தெரியும் வித்தியாசமே மெய்யான முளைப் பாரம். அது பின்னச்சின் எல்லையைத் தாண்டியிருந்தால், கனமான சாமான்களை வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். ஆனால் முளையின் பங்கு நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே போகும்படி மாற்றினால் வீடு நிலையிழந்து ஆடத் தொடங்கும். அந்த அளவுக்குள் அடங்காத வீட்டுக்கு, பெரிய லாரியோ சிறிய வீடோதான் வழி.